கேதாரத்துக்கு மேலோர் ஏரி



தேவாரப் பதிகம் பெற்ற வடநாட்டுத் தலங்கள் ஐந்து என எண்ணுதல் வழக்கு. அவை திருப்பருப்பதம், இந்திரநீலப்பருப்பதம், அனேகதங்காவதம், திருக்கேதாரம், நொடித்தான்மலை என்பன. இவற்றுள் திருக்கேதாரம் இமயச்சாரலில், கடல்மட்டத்தினின்று 3,583 மீட்டர் உயரத்தில், மந்தாகினியாற்றின் தலைப்பாகத்தே விளங்குவது. அதற்கு ஏறும் வழியின் அடிவாரமாகிய கௌரிகுண்டமே அனேகதங்காவதம் எனக் கொள்வாரும் உளர். ஆளுடைய பிள்ளையாரும் நம்பியாரூரரும் கேதாரத்தை நேரிற் சென்று பாடினாரல்லர். திருக்காளத்தியில் நின்றபடியே வடகயிலையையும் கேதாரத்தையும் உள்ளத்தால் நோக்கிப் பாடியருளினர் என்பது சேக்கிழார் பெருமான் வாக்கினால் நாம் அறிவது. ஆதலின் கேதாரத்தை இருந்த இடத்திலிருந்தே வழிபட விரும்புவார்க்கு முன்மாதிரி உண்டு. சென்று வழிபட விரும்புவார்க்கு மந்தாகினிக் கரையில் வழியும் உண்டு.

கேதாரநாதர் ஆலயத்துக்கு மேற்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் வாசுகி ஏரி என்றொரு நீர்நிலை இருக்கின்றது. அதன் உயரம் 4,100 மீட்டருக்கு மேலாகும். பனியாறு முற்காலத்தே குடைந்த பள்ளத்தில், பனி உருகிய நீர் நிறைந்து நிற்பது அது. இறைவன் திருமேனியில் அணியாய்க் கிடக்கும் பாம்பின் பெயரையே அவ்வேரிக்கு இட்டிருக்கின்றனர். சென்று திரும்ப ஒரு பகல் முழுதும் வேண்டும். வழியில் கடையில்லை, சத்திரமில்லை, மரநிழலும் இல்லை. வருகின்ற புரட்டாசித் திங்களில் கேதார தரிசனம் செய்தபின் அவ்வேரிக்கும் சென்றுவரக் கருதியுள்ளோம். அச்செலவை எவ்வாறு வகுத்தோம் என்பதையும், அவ்வாறு வகுக்குங்கால் சித்தாந்த நூல்கள் எமக்கு எங்ஙனம் துணைநின்றன என்பதையும் அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையிலுள்ள வன்னியம்பட்டியில் வாழ்பவன், நூற்பாலையொன்றில் முப்பதாண்டு கணக்கெழுதி ஓய்வு பெற்றவன், அகவை ஐம்பத்தொன்பது. மேற்கே நோக்கின் மலைத்தொடர் எந்நாளும் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் எம்மூர் வெயிலுக்கும் கரிசலுக்கும் பழகிய உடம்பு பனியை அறியாது. என்னுடன் வரவிருப்பவன் என் தமக்கையாரின் ஒரே மகன். அவனுக்கு வயது இருபத்தெட்டு.

இச்செய்தியைத் தமக்கையாரிடம் கூறியபோது அவர் உடனே மறுத்தாரல்லர். சற்றுநேரம் வாளாவிருந்து, "தம்பி, திருவருள் கூட்டினாற் போய் வருவோம் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே. உன் அத்தானும் அச்சொல்லைச் சொல்லியே இந்தப் படியை விட்டு இறங்கினார்" என்றார். அத்தான் பன்னிரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கோயிலுக்கு ஏறும்போது மார்பில் நோவெடுத்து ஒரு பாறைமேல் அமர்ந்தவர். உடன்வந்தோர் இறங்கிவிடலாம் என்று வேண்டவும், சந்நிதி அண்மையிலன்றோ இருக்கின்றது என்று கூறி மேலும் நடந்தவர். நூறடி சென்று வீழ்ந்தவர். அந்த நூறடியைத் தமக்கையார் இன்றும் மறந்தாரல்லர். "ஏரியைக் காண்பது இருக்கட்டும், எத்தனை மணிக்குத் திரும்புவாய், அதைச் சொல்" என்பதே அவர் கேட்ட வினா. அன்று என்னிடம் விடையில்லை. அவ்வினாவுக்கு விடை தேடியதே எங்கள் ஏற்பாடு முழுவதுக்கும் வித்தாயிற்று.

மற்றொரு தடை வேறொரு திசையினின்று வந்தது. எம்முடன் சனிக்கிழமைதோறும் திருமுறை ஓதும் அன்பர் ஒருவர், யாம் மணிக்கணக்கும் பொதிக்கணக்கும் எழுதி வைத்திருப்பதைக் கண்டு, "எல்லாம் அவன் செயல் என்று ஓதிவிட்டு இத்துணைக் கணக்கு எதற்கு? பிராரத்தம் ஊட்டுவதை ஊட்டியே தீரும். ஏற்பாடு மிகுதியாயின் நம்பிக்கை குறைவு என்பதன்றோ பொருள்?" என்று வினவினார். வினா எளிதன்று. இஃது அவர் ஒருவர் வினாவும் அன்று. யாத்திரைக்குப் புறப்படும் அடியார் பலரிடத்தும் இவ்வெண்ணம் உண்டு.

இதற்குச் சித்தாந்தம் தரும் விடை யாதெனின் கூறுவாம். ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர்க்கு இறைவன் மாயையினின்று தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் தோற்றுவித்துக் கொடுக்கின்றான். கதிரவன் எழுமளவும் இரவில் விளக்கு உதவுமாறு போல, ஞானம் தலைப்படுமளவும் இவை உதவுவன. உடம்பு தனு, மனம் முதலிய அறிகருவிகள் கரணம், உலகம் புவனம், நுகர்பொருள் போகம். இந்நான்கும் உயிர் தானே படைத்துக்கொண்டன அல்ல, கொடுக்கப்பட்டன. கொடுத்தவன் இறைவன். அங்ஙனமாயின் கரணத்தைக் கொண்டு ஆராயாது செல்லுதல் அவன் கொடையை அவமதித்தலேயன்றி அவனை நம்புதல் ஆகாது. விளக்கைக் கையிற் கொடுத்தவன்மேல் நம்பிக்கை உண்டென்று கூறி, அவ்விளக்கை ஏற்றாது இருட்டிற் செல்பவனை அன்பன் என்பார் எவர்? பிராரத்தம் ஊட்டும் என்பது உண்மை. ஆனால் இனிச் செய்வது ஆகாமியம். அதன் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. எனவே அன்பர்க்கு யான் கூறிய மறுமொழி, எம் ஏற்பாட்டையே இந்நான்கு தலைப்பிற் பகுத்துக் காட்டியதாம்.

ஆராய்ச்சி முறைபற்றிப் புவனத்தை முதற்கண் வைத்தோம். செல்லுமிடம் எத்தகையது, எக்காலத்தே செல்லத்தகும் என்பவற்றைத் துணிந்தபின்னரே ஏனைய துணியப்படும். கேதாரநாதர் ஆலயம் அட்சயதிருதியையை ஒட்டித் திறக்கப்பெற்றுத் தீபாவளியை அடுத்து அடைக்கப்பெறுவது. பனிக்காலத்தில் வழிபாடு கீழேயுள்ள ஊகிமடத்தில் நிகழும். திறந்திருக்கும் அரையாண்டும் ஏரிச்செலவுக்கு ஏற்றதன்று. வைகாசியில் மேல்வழியிற் பனி மூடியிருக்கும். ஆனி முதல் ஆவணி வரை மழை பெய்து மலை சரியும். மழை ஓய்ந்து புதுப்பனி விழாமுன் இடைப்பட்ட புரட்டாசியே தக்கது. இவ்வாறு ஆறு திங்களில் எமக்கு எஞ்சியவை நான்கைந்து கிழமைகளே.

மழையைப் பற்றி இத்துணை அஞ்சுதல் வேண்டுமோ எனின், வேண்டும். 2013 ஆம் ஆண்டு சூன் 16, 17 ஆகிய நாட்களில் கேதாரத்தில் நிகழ்ந்தது யாவரும் அறிந்தது. ஆலயத்துக்கு மேலே சோராபாரிப் பனியாற்றின் ஓரத்தில் ஓர் ஏரி இருந்தது. காந்தியடிகளின் அத்தியின் ஒரு பகுதி 1948 இல் அங்கே கரைக்கப்பட்டமையால் அதனைக் காந்தி சரோவரம் என்றும் வழங்கினர். பனியாறு ஒதுக்கிவிட்ட மண்ணும் கல்லுமே அதற்குக் கரை. ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை பெய்ய, பனியும் உருகிச் சேர, 17 ஆம் நாட் காலையில் அக்கரை உடைந்தது. சில நிமிடங்களில் ஏரி வறிதாயிற்று, கேதாரபுரி அழிந்தது, வழியிலிருந்த இராம்பாரா என்னும் ஊர் இருந்த இடமே தெரியாது போயிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். வெள்ளத்தோடு உருண்டு வந்த பெரும்பாறையொன்று ஆலயத்தின் பின்னே தங்கி நீரை இருபுறமும் பிரித்துவிட, ஆலயம் நிலைபெற்றது.

ஆலயம் நிலைபெற்றது அருள் என்போம். அங்ஙனமாயின் மாண்டவர் அருள் பெறாதார் என்று கொள்ளலாமோ? கொள்ளற்க. அவரும் அவனையே நாடிச் சென்றவர். எம் பக்கத்துச் சதுரகிரியிலும் 2015 ஆம் ஆண்டு மே மாதத்தில் திடீரென்று காட்டாறு பெருகி, மகாலிங்கப் பெருமானைத் தரிசித்து இறங்கிய அடியார் சிலரை அடித்துச் சென்றது. நீர் நீரின் இயல்பிற் செல்லும். அதனியல்பை அறியும் அறிவு நமக்குத் தரப்பட்டிருக்கின்றது. மழை பெய்யும் நாளில் மலையோடையைக் கடவாமை அவ்வறிவின் பயன். ஆதலின் எமது முதல் விதி: முன்னிரவில் மழையோ பனியோ பெய்திருப்பினும், காலையில் மேற்கே முகில் திரண்டிருப்பினும், அன்று ஏரிக்குச் செல்வதில்லை. அதற்கென்று ஒரு நாளை மிகையாக வைத்துள்ளோம். அந்நாளும் கூடாதாயின் ஆலயத்திலேயே இருந்து ஓதித் திரும்புவோம்.

இரண்டாவது தனு. கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்கே வாசுகி ஏரியின் உயரத்தில் உளது. ஒவ்வொரு மூச்சிலும் உயிர்வளி அவ்வளவுக்குக் குறையும். இக்குறைவுக்கு உடம்பு சில நாட்களிற் பழகிக்கொள்ளும். ஒரே நாளிற் பழகாது. விரைந்து உயர்ந்தார்க்குத் தலைநோவு, குமட்டல், உறக்கமின்மை தோன்றும். அவற்றைப் பொருட்படுத்தாது மேலும் ஏறினார்க்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிர்க்கே இறுதி வருவதும் உண்டு. இளைஞன், முதியவன், வலியவன், மெலியவன் என்னும் வேறுபாட்டை அந்நோய் பாராது. நாடோறும் உடற்பயிற்சி செய்யும் என் மருமகனுக்கு அது வந்து, எனக்கு வாராதிருத்தலும் கூடும்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல், உறங்குமிடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மிகாமல் உயர்த்துக என்பது மலைமருத்துவர் கூறும் நெறி. வானூர்தியிற் சில நிமிடங்களிற் கேதாரத்தில் இறங்கும் வசதி இன்று உண்டாயினும், அதனை யாம் விலக்கியமைக்குக் காரணம் இதுவே. குப்தகாசியில் ஒரு நாளும், கௌரிகுண்டத்தில் ஒரு நாளும் தங்கி, அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் நடைவழியை ஒரே மூச்சில் ஏறாது, இடையே இலிஞ்சோலியில் ஓர் இரவு கழித்து, பின் கேதாரம் அடைந்து, அங்கே இரண்டு இரவு உறங்கியபின் மூன்றாம் நாளே ஏரிக்குப் புறப்படுவதென்று வகுத்தோம்.

இதய மருத்துவர் ஒருவரிடம் இருவரும் உடம்பைக் காட்டினோம். அவர் என் குருதியழுத்தத்தையும் நெஞ்சத்துடிப்பையும் ஓடுபொறிமேல் நடக்கவிட்டுச் சோதித்து, நான்கு திங்கள் பயிற்சி செய்துவிட்டு மீண்டும் வருக என்றார். அதன்படி வாரத்தில் மூன்று நாள் இராசபாளையத்துச் சஞ்சீவி மலையில், முதுகில் எட்டுக் கிலோ பொதியுடன் ஏறி இறங்கி வருகின்றோம். ஏறுவதினும் இறங்குவதே முழங்காலை வருத்துவது என்பதை அம்மலை கற்பித்தது. மலையேற அனுமதியுள்ள நாட்களில் தாணிப்பாறை வழியே சதுரகிரிக்கும் சென்று வந்தோம். காற்று மெலிவுக்கு எம்மலைகள் பழக்கமாட்டா. காலையும் மூச்சையும் மட்டும் பழக்கும். அதனினும் மேலாக ஒன்று கற்றோம்: பேசிக்கொண்டே நடக்க இயலும் வேகமே நெடுவழிக்கு உரிய வேகம். ஐந்தெழுத்தை வாய்விட்டு ஓதமுடியாதபடி மூச்சு வாங்குமாயின் நடை மிகை என்று கொள்ளலாம். செபமே எமக்கு அளவுகோலாயிற்று.

உடை பற்றியும் ஒன்று கூறுதல் தகும். பஞ்சும் நூலும் எமக்குச் சோறிடுவன. ஆயினும் பருத்தியாடை பனிமலைக்கு ஆகாது. வியர்வையில் நனைந்தால் உலராது உடம்பின் வெப்பத்தை வாங்கிவிடும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையுமாதலின், எம்மூர்க் கோடை ஆடையோடு அங்கே நிற்பது அறிவன்று. உடலை ஒட்டிக் கம்பளியும், அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேலாடையும், கையுறையும், காது மூடும் குல்லாயும் கொண்டோம். எம்மூர் நூலுக்கும் ஓரிடம் உண்டு: சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணிச் சுருள்கள் மருந்துப்பையில் இருக்கின்றன.

மூன்றாவது கரணம். இதுவே தமக்கையார் வினாவுக்கு விடை தந்த பகுதி. ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர் நெய்சுமித்து என்பார் 1892 ஆம் ஆண்டு ஒரு கணக்கு வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் மேலும் ஒரு மணி. எமது வழி ஒருபுறம் ஐந்து மைல். ஏரியின் உயரத்தை மட்டும் நோக்கின் ஏற்றம் ஆயிரத்து எண்ணூறு அடியே. ஆனால் இடையே ஏரியினும் உயர்ந்த மலைமுகடொன்றைக் கடந்து இறங்கவேண்டுதலின் மூவாயிரம் அடி என்றே எழுதினோம். கணக்கு மூன்று மணி பத்து நிமிடம் ஆயிற்று. காற்று மெலிவுக்கும் என் அகவைக்கும் அதில் ஒரு பாதியைக் கூட்டி ஐந்து மணி என்று வைத்தோம். பொழுது புலரும் ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால் பத்தரைக்கு ஏரி. அரைமணி தவணை. பதினொரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது. ஏரி கண்முன் தோன்றினும் திரும்புவது. மீளும் வழியிலும் அம்முகடு உண்டாதலின் இறங்க நான்கரை மணி. மூன்றரை மணிக்கு ஆலயம். கதிரவன் மறைய மேலும் இரண்டரை மணி இருக்கும். அவ்விரண்டரை மணியே எங்கள் இருப்பு. முப்பதாண்டு கணக்கெழுதியவன் ஆகலின் கூறுகின்றேன்: இருப்பில்லாத ஏட்டை எவரும் நம்பற்க.

திரும்பும் மணியைக் கீழேயே, சமநிலத்திலேயே உறுதி செய்தல் ஏன்? அங்கே சென்று நிலைமை நோக்கித் துணியலாகாதோ எனின், இங்கே சித்தாந்தத்தின் நுண்பொருள் ஒன்று வெளிப்படுகின்றது. உயிர் தானே விளங்கி அறிவதன்று. சார்ந்ததன் வண்ணமாய்க் கருவிகளின் வழியே அறிவது. கருவி மழுங்கின் அறிவும் மழுங்கும். மலைநோய் முற்றியவனுக்கு நடை தள்ளாடும், சொல் குழறும், நினைவு மாறும். ஆயினும் தான் நலமாக இருப்பதாகவே அவன் கருதுவான். அவன் மேலே செல்வோம் என்று கூறுவதை அவன் சொல்லாகக் கொள்ளலாகாது. அத்தான் அப்பாறையிலிருந்து எழுந்தபோது சந்நிதி அண்மையிலுளது என்று கூறியது அவருடைய அன்போ, குருதி குறைந்த கரணத்தின் மயக்கமோ என்பதை இன்று எவரும் பிரித்தறிய இயலாது. ஆதலின் கருவி தெளிவாக உள்ள இடத்தில் விதியைச் செய்து, கருவி மழுங்கும் இடத்தில் அவ்விதிக்கு அடங்குவதே அறிவுடைமை. விரதம் என்பதும் இதுவன்றோ? பசியில்லாப் போதிற் கொண்ட உறுதியைப் பசித்த போதில் காப்பதே விரதம்.

இதனையொட்டி மூன்று உடன்பாடுகளை எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். ஒன்று, வழியறிந்த உள்ளூர்த் துணைவர் ஒருவரைக் கொள்ளாது செல்லோம். திரும்புக என்று அவர் கூறின் காரணம் கேளோம். இரண்டு, தலைநோவோ குமட்டலோ தோன்றியவன் அதனை மறையாது கூறல் வேண்டும். கூறியவுடன் மூவரும் திரும்புதல் வேண்டும். ஒருவனை அமரவைத்து மற்றவர் மேற்செல்லுதல் இல்லை. மூன்று, புறப்படும் நேரத்தையும் மீளும் நேரத்தையும் தங்குமிடத்தில் எழுதிக் கொடுத்தல். மாலை ஆறு மணிக்குள் மீளாவிடின் மாநிலப் பேரிடர் மீட்புப் படையினர்க்கு அவர்கள் அறிவித்தல். யாத்திரைப் பதிவும், அவ்வழி கேதார வனவிலங்குப் புகலிடத்தைச் சார்ந்தது ஆகலின் வனத்துறையினர் இசைவும் முன்னரே பெறவேண்டுவன.

மருமகன் இரண்டாவது உடன்பாட்டில் கையொப்பமிடுமுன், "மாமா, எனக்கு நோவு வந்தால் நீங்கள் திரும்பிவிடுவீர்கள், அதில் ஐயமில்லை. உங்களுக்கு வந்தால் என்னிடம் உண்மையைச் சொல்வீர்களா?" என்று கேட்டான். சொல்வேன் என்றேன். அவன் என் முகத்தைச் சிறிதுநேரம் நோக்கியபின்னரே கையொப்பமிட்டான்.

நான்காவது போகம். உண்பொருளை முதலிற் கூறுவேன். ஆளுக்கு மூன்று லிட்டர் நீர். அதில் ஒரு பகுதி வெந்நீர்க் குப்பியில். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை எடுத்துச் செல்லுமாறு சொல்லாதார் இல்லை; அது நெடுநாள் தங்காதாகலின், கோவிற்பட்டிக் கடலைமிட்டாயும் எள்ளுருண்டையும் பேரீச்சையும் கொண்டோம். மலையுச்சியில் பசி தோன்றாது. ஆயினும் மணிக்கொருமுறை சிறிது உண்ணுதல் வேண்டும். உண்டது, எஞ்சியது, உறைத்தாள் அனைத்தும் பொதியிலேயே மீளும். திருநீற்றுப் பையும் திருமுறைச் சிறுநூலும் உடன் வரும்.

இனி, உண்மையான போகம் ஏரியைக் காண்டல். இதனை நேர்த்திக்கடனாக நேர்ந்துகொள்ளலாகாதோ என்று சிலர் கேட்டனர். அவ்வேரி நீரைக் கொணர்ந்து மடவார்வளாகத்து வைத்தியநாதப் பெருமானுக்கு அபிடேகம் செய்விக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆயினும் நேர்ந்துகொள்ளவில்லை. நேர்ந்தவனுக்குப் பதினொரு மணி என்பது பகையாகத் தோன்றும். திரும்புதல் குற்றமாகத் தோன்றும். யான் சென்றே தீர்வேன், நீ காத்தே தீரவேண்டும் என்று பெருமானுக்கு யாம் கட்டளையிடுவது போலவும் ஆகும். எமது வழிபாடு கேதாரநாதர் சந்நிதியில் முந்திய நாளிலேயே நிறைவுறும். ஏரி அதன்மேற் கிடைப்பது, கிடையாவிடினும் குறைவில்லாதது.

இவ்விடத்தே திருநாவுக்கரசு நாயனாரை நினையாதிருத்தல் இயலாது. கயிலைக்காட்சி விழைந்து காளத்தியினின்று புறப்பட்டவர், காசியில் உடன்வந்தாரை விடுத்துத் தனியே சென்றார். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார், மார்பினால் உந்தினார், புரண்டார், அதுவும் இயலாதபோதும் மீளேன் என்றார். முனிவராய் வந்த பெருமான் மீள்க என்றபோதும் உடன்பட்டாரல்லர். பின்னர் அசரீரியாய்ப் பணித்தபோதே, அங்கிருந்த தடத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, கயிலைக்காட்சியை அங்கே கண்டார். மீளேன் என்ற நாயனாரைக் காட்டி, யாமும் மீளற்க என்பாரும் உளர். நாயனார் பற்றற்றவர், அவர் உடம்பு அவர்க்குச் சுமை. எமக்கோ உடம்பு இன்னும் திருத்தொண்டுக்கு வேண்டும் கருவி. வீட்டில் வழிநோக்கும் ஒரு தாயும் உளர். அன்றியும் அவ்வரலாற்றின் முடிபை நோக்குக. காட்சி கிடைத்தது கயிலையில் அன்று, மீண்டபின் காவிரிக்கரையில். மீள்க என்னும் ஆணையும் அவன் அருளே என்பது அங்கே தெளிவாகின்றது. எமக்கு அவ்வாணை வானொலியாய் வருமென்று எதிர்பார்த்தல் தகாது. கைக்கடிகாரம், துணைவரின் சொல், தலைநோவு ஆகிய இவற்றின் வாயிலாக வரும். மற்றொன்று: நாயனார் மூழ்கினார் என்று யாம் மூழ்கலாகாது. பனிநீர் உடம்பின் வெப்பத்தைக் காற்றினும் பன்மடங்கு விரைவில் வாங்கிவிடும். தலையில் தெளித்துக்கொள்ளுதலோடு அமைவோம்.

இவையனைத்தையும் எழுதித் தமக்கையாரிடம் கொண்டுபோய்ப் படித்தேன். அவர் தனு, கரணம் என்பவற்றைப் பொறுமையோடு கேட்டார். பதினொரு மணி என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி மீண்டும் படிக்கச் சொன்னார். பின் தம் மகனை நோக்கி, "ஏரி பத்தடியில் இருந்தாலும் திரும்புவாயா?" என்றார். அவன் "திரும்புவேன், அம்மா" என்றான். அவர் எழுந்து உள்ளே சென்று, அத்தானுடைய பழைய கம்பளிப் போர்வையைக் கொணர்ந்து அவன் கையிற் கொடுத்தார். வேறு சொல் கூறினாரல்லர்.

நீர் கொணரும் ஆசைக்கும் ஒரு வழி உண்டு என்பதைப் படத்தை விரித்து நோக்கியபோது கண்டோம். வாசுகி ஏரியினின்று இழியும் ஓடை வாசுகிகங்கை என்னும் பெயரோடு மலைப்பள்ளம் வழியே இறங்கி, கௌரிகுண்டத்துக்குக் கீழே சோனப்பிரயாகையில் மந்தாகினியோடு கலக்கின்றது. யாம் செல்லும் வழியும் மீளும் வழியும் அக்கூடலின் மேலது. ஏரியை யாம் சென்று காணினும், பதினொரு மணிக்கு முகட்டிலிருந்து மீளினும், மழையால் ஆலயத்தை விட்டு அசையாதிருப்பினும், அவ்வேரியின் நீர் எங்களுக்கு முன்னரே இறங்கிச் சோனப்பிரயாகையில் ஓடிக்கொண்டிருக்கும். செம்பை அங்கே நிரப்பிக்கொள்வதென்று முடிவு செய்துள்ளோம். உயிர் ஏறிச்சென்று எட்டாத இடத்திலிருந்து அருள் தானே இழிந்து வரும் என்பது நூல்களின் துணிபு. அது வந்து சேரும் துறையிற் செம்போடு நிற்பதே நம் கடமை.